கேழ்வரகுக் கீரையடை: ஒரு வீட்டுப் பாடம்

தீர்த்தமலை அடிவாரத்திலும் அரூர் வட்டத்தின் மேட்டு நிலங்களிலும் மழையை நம்பிக் கேழ்வரகு விளைவிக்கும் அங்கத்தினர் நம்மிடையே பலர் உளர். அறுவடை முடிந்ததும் மூட்டைகளை விற்றுவிட்டு, குழந்தைகளின் காலைப் பசிக்குக் கடையில் மைதா ரொட்டி வாங்கும் வழக்கம் நம் வீடுகளிலும் புகுந்துவிட்டது. விளைத்தவன் வீட்டில் விளைபொருள் இல்லை என்பது நமக்குப் பெருமை தருவதன்று. ஆகவே, ஈஸ்டும் சூளையும் வேண்டாத நமது பழைய ரொட்டியாகிய கீரையடையை இம்மாதப் பாடமாக எடுத்துக்கொள்வோம்.

ஈஸ்ட் ஏன் வேண்டுவதில்லை?

கோதுமை மாவைப் பிசையும்போது அதிலுள்ள புரதம் பாவும் ஊடையும் போலப் பின்னி வலையாகிறது. ஈஸ்ட் உண்டாக்கும் காற்று அவ்வலையில் சிக்குவதால் ரொட்டி உப்புகிறது. கேழ்வரகில் அப்புரதம் இல்லை. வலையில்லாத இடத்தில் காற்றுத் தங்காது. மாவை இணைக்க வேறு வழி வேண்டும். அதுவே கொதிநீர். கொதிநீர் பட்டதும் மாச்சத்து குழைந்து பசையாகி, அடை விண்டுபோகாமல் காக்கிறது. நெசவாளர் பாவுக்குக் கஞ்சி போடுவதும் மாச்சத்தின் இக்குணத்தைக் கொண்டே.

வேண்டிய பொருள்கள்

கேழ்வரகு மாவு 400 கிராம், ஆய்ந்த முருங்கைக்கீரை இரண்டு கைப்பிடி, சின்ன வெங்காயம் 100 கிராம், பச்சை மிளகாய் 3, சீரகம் ஒரு தேக்கரண்டி, கறிவேப்பிலை, உப்பு, கடலை எண்ணெய். இவ்வளவில் எட்டு அடைகள் வரை கிடைக்கும்.

செய்முறை

1. கீரையைக் காம்பு நீக்கி அலசி, நீரை நன்றாக வடிய விடுக.

2. சிறிது எண்ணெயில் சீரகம், வெங்காயம், மிளகாய், கறிவேப்பிலை இவற்றை வதக்கி, இறுதியில் கீரையைச் சேர்த்து ஒரு நிமிடம் புரட்டி இறக்குக.

3. மாவில் உப்பும் வதக்கியவையும் கலந்து, ஏறத்தாழ 350 மில்லி கொதிநீரைச் சிறிது சிறிதாக விட்டுக் கரண்டிக் காம்பினால் கிளறுக. கை பொறுக்கும் சூடு வந்ததும் பிசைந்து, பத்து நிமிடம் மூடி வைக்க.

4. உருண்டையை ஈரத்துணியின்மேல் வைத்து, கையை நனைத்துக்கொண்டு மெல்லியதாகத் தட்டுக.

5. காய்ந்த கல்லில் இட்டு, சுற்றிலும் எண்ணெய் விட்டு மூடி, மிதமான தீயில் பக்கத்துக்கு மூன்று, நான்கு நிமிடம் வேக விடுக.

ஓரம் வெடித்தால் நீர் குறைவு. துணியில் ஒட்டினால் நீர் மிகுதி. உள்ளே பச்சை வாடை வீசினால் தீ மிகுதி. முதல் அடையிலேயே இவற்றைக் கண்டு திருத்திக்கொள்ளலாம்.

பயன்

100 கிராம் கேழ்வரகில் ஏறத்தாழ 340 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து உண்டு. தீட்டிய அரிசியில் அது சுமார் 10 மில்லிகிராம் மட்டுமே. அடை உண்டவுடன் தேநீர் பருகினால் இரும்புச் சத்து உடலில் சேர்வது குறையும்; சற்று நேரம் கழித்துப் பருகுவது நன்று. தறியில் அமர்வோர்க்கும் இது ஏற்றது. காலையில் சுட்டது நண்பகல் வரை கெடாது. குழம்பு சிந்திப் பாவில் கறை படும் அச்சமும் இல்லை.

2023-ஆம் ஆண்டை ஐக்கிய நாடுகள் சபை சிறுதானிய ஆண்டாக அறிவித்தது. அவ்வாண்டிலேயே தமிழக அரசு நீலகிரி, தர்மபுரி மாவட்டங்களின் நியாயவிலைக் கடைகளில் அரிசிக்குப் பதிலாக 2 கிலோ கேழ்வரகு வழங்கும் திட்டத்தைத் தொடங்கிற்று. பிறர் மதிக்கத் தொடங்கியதை நாம் மறந்திருத்தல் தகாது.

ஒரு கணக்கு

வாரம் இருமுறை இவ்வளவில் அடை சுட்டால் 800 கிராம் மாவு செலவாகும்; ஆண்டுக்குச் சுமார் 42 கிலோ. நன்கு காய்ந்த கேழ்வரகு எளிதில் பூச்சி பிடியாமல் நெடுநாள் இருக்கும். மாவோ விரைவில் சிக்குவாடை கொள்ளும். ஆதலால் தானியமாகச் சேமித்து, இரு வாரத் தேவைக்கு மட்டும் அரைத்துக்கொள்வோம். உழவர் அங்கத்தினர் விற்பனைக்கு முன்னரே இவ்வளவை வீட்டுக்கென ஒதுக்கட்டும். நெசவாளர் அங்கத்தினர் தமக்கு வேண்டியதைக் களத்திலேயே அவர்களிடம் கேட்டுப் பெறட்டும். இடைத்தரகர்க்குப் போகும் காசு இரு வீட்டிலும் தங்கும். கூட்டுறவு என்பது அதுவேயன்றோ!