அழித்த கோப்பை மீட்கும் வழி

காந்த வட்டில் உள்ள கோப்பை அழிக்குமாறு கணிப்பொறிக்கு ஆணையிட்டால், பொதுவாக அதன் இடம் காலியெனக் குறிக்கப்படுகிறதே தவிர, உள்ளடக்கம் உடனே மறைவதில்லை. ஆயினும் அதை மீட்பது சாதாரண ஊழியருக்கு எளிதன்று. 1984-இல் மெக்கின்டாஷ் திரையில் இடம்பெற்ற குப்பைத்தொட்டியும், 1995-இல் விண்டோஸ் 95-இல் வந்த மறுசுழற்சித் தொட்டியும் இக்குறையைப் போக்கின.

‘அழிக்கலாமா?’ என்னும் எச்சரிக்கை மட்டும் போதாதா எனச் சிலர் வினவலாம். நாள்தோறும் பலமுறை எழும் கேள்விக்குக் கை பழக்கத்தால் ‘ஆம்’ என்றே விடையளிக்கும். பிழை புலப்படுவதோ அழித்த பின்னரே. ஆகவே மீட்கும் வழி இன்றியமையாதது.

எனினும் தொட்டியிலுள்ள கோப்பும் அதே வட்டில்தான் இருக்கிறது. வட்டு பழுதுற்றால் அதுவும் அழியும். எனவே முக்கிய ஆவணங்களுக்கு வேறிடத்தில் நகல் வைத்தல் அலுவலகத்தின் கடமையாகும்.