உச்சி வெயிலில் பால் வருமா?

சென்ற ஆண்டு ஒரு சிறுகதைப் போட்டிக்காகத் தோட்டக் கதை ஒன்று எழுதினேன். அனுப்புவதற்கு முன் பாட்டியிடம் வாசித்துக் காட்டினேன். பாட்டி ஜாசின் வட்டாரத் தோட்டமொன்றில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பால்மரம் சீவியவர். கதையின் முதல் வரியிலேயே, கதிரவன் உச்சியில் நின்று அனல் கக்க, நாயகி மரம் சீவிக்கொண்டிருந்தாள். பாட்டி கையமர்த்தினார்.

"உச்சி வெயில்ல பால் எங்கேருந்தும்மா வரும்?"

விடியற்காலைக் குளிர்ச்சியில்தான் பால் நன்றாக இறங்குமாம். வெயில் ஏற ஏற ஒழுக்கு நின்றுவிடும். அதனால்தான் இருட்டிலேயே பெரட்டு, நெற்றியில் விளக்கு. மழை பெய்தால் மங்கில் தண்ணீர் கலந்து அன்றைய உழைப்பு வீண். எனக்கு இவை எதுவும் தெரியாது. நான் பிறந்து வளர்ந்த போது எங்களைச் சுற்றி இருந்தது செம்பனைதான். நாயகியின் துன்பத்தைக் காட்ட எனக்கு வெயில் தேவைப்பட்டது, எழுதிவிட்டேன். பாட்டியை வாட்டியதோ இருட்டும் ஈரமும் கொசுவும். தகவல் பிழையானால் உணர்ச்சியும் பொய்யாகிவிடுகிறது என்பதை அன்றுதான் கண்டேன்.

அடுத்து, என் கதைத்தாய் "மகனே, உணவருந்தினாயா?" என்றாள்.

"யாரு இவ, ரேடியோவுல செய்தி வாசிக்கிறவளா?" என்றார் பாட்டி.

நண்பர்களே, இதில் என் குற்றம் பாதிதான். தமிழ்ப்பள்ளியில் ஆறு ஆண்டுகள் அழகிய தொடக்க வரிகளை மனனம் செய்தேன். பிறகு தேசிய இடைநிலைப்பள்ளி. குறைந்தது 15 மாணவர்களின் பெற்றோர் கேட்டால் தமிழ் வகுப்பு நடத்தலாம் என்பது விதி. எங்களுக்கு அது பள்ளி முடிந்த பிறகு, பசியோடு நடந்தது. மற்ற நேரமெல்லாம் மலாயில் சிந்தித்தேன். ஆக, எனக்குத் தெரிந்த எழுத்துத் தமிழ் தேர்வுத்தாள் தமிழ் ஒன்றுதான்.

நம் முன்னோருக்கும் பயிற்சி தேவைப்பட்டிருக்கிறது. 1950இல் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் 'தமிழ் நேசன்' வழியாகக் 'கதை வகுப்பு' நடத்தினார்கள். சிறுகதையைப் பாடமாகவே கற்பித்த அந்த வகுப்பிலிருந்து மா. இராமையா போன்ற எழுத்தாளர்கள் உருவானார்கள். பின்னர் அதே நாளிதழில் பணியாற்ற வந்த கு. அழகிரிசாமி இலக்கிய வட்டம் அமைத்து வழிகாட்டினார். கோவில்பட்டிக் கரிசல் மண்ணிலிருந்து வந்தவர் அவர். 'தமிழ் நேசன்' 2019இல் நின்றுபோனது. அப்படி ஒரு வகுப்பு இன்று இருந்தால் முதல் ஆளாகச் சேர்வேன்.

உரையாடலிலும் தூய தமிழே வேண்டும், இல்லையேல் மொழி அழியும் என்று சிலர் கூறுவதுண்டு. அந்த அச்சத்தை நான் எள்ளவில்லை. மலாக்கா செட்டிகள் 1781இல் கட்டிய பொய்யாத விநாயகர் கோயில் இன்றும் இருக்கிறது. அவர்கள் வீட்டில் பேசுவதோ மலாய். ஆனால் தோட்டத்து மக்கள் பேசாத தமிழை அவர்கள் வாயில் வைத்தால் அவர்களே கதையைவிட்டு விலகிவிடுவார்கள். 'மண்டோர்' என்பதை 'மேற்பார்வையாளர்' என்று மாற்றலாம். மாற்றினால், போர்த்துகீசியத்திலிருந்து மலாய்க்கும் மலாயிலிருந்து பாட்டியின் வாய்க்கும் வந்த ஒரு சொல்லின் பயணம் அறுந்துபோகும். கெடா எழுத்தாளர் சீ. முத்துசாமியின் 'மண்புழுக்கள்' நாவலில் தோட்டப் பேச்சு கூச்சமில்லாமல் நடமாடுகிறது. அதைப் படித்த பிறகே எனக்குத் துணிவு வந்தது.

இன்னும் விடை கிடைக்காத சிக்கல் ஒன்று உண்டு. என் கதையில் மகன் வங்கி அதிகாரியிடம் கடன் கேட்கிறான். அந்தப் பேச்சு மலாயில்தான் நடக்கும். தமிழில் எழுதினால் அவன் திக்கித் திணறுவது மறைந்துவிடுகிறது. மலாயைத் தமிழ் எழுத்தில் எழுதினால் தமிழ்நாட்டு வாசகர் தடுமாறுவார். அடிக்குறிப்பு போடலாம், ஆனால் அழும் இடத்தில் யார் அடிக்குறிப்பைப் பார்ப்பார்கள்? இப்போதைக்கு "வாங்" என்ற ஒரு சொல்லை மட்டும் விட்டுவைத்திருக்கிறேன்.

கதையை மீண்டும் எழுதுகிறேன். இம்முறை அதிகாலை நான்கு மணிக்குத் தொடங்குகிறது. வீட்டைவிட்டுக் கிளம்பும்போது பிள்ளையிடம் என்ன சொல்வீர்கள் என்று பாட்டியைக் கேட்டேன்.

"ஒண்ணும் சொல்ல மாட்டோம். தூங்குற பிள்ளைய அப்படியே தூக்கிட்டுப் போயி ஆயாக்கொட்டாயில விடுவோம். பேசினா முழிச்சுக்கும்."

முதல் பக்கத்தில் இருந்த உரையாடலை முழுவதும் அடித்துவிட்டேன்.