தண்ணீர் ஏறும் முன்

கேள்வி: மாமியார், இரண்டு பிள்ளைகளோடு தோட்ட வீட்டில் இருக்கிறேன். மழைக்காலம் வந்தாலே பயம். எதைத் தயாராக வைத்திருக்க வேண்டும்? மாமியார் இன்சுலின் போடுகிறார்.
– வாசகி, பெஸ்தாரி ஜெயா

பதில்: உங்கள் பயம் நியாயமானதுதான் அம்மா. 2021 டிசம்பர் 18 அன்று சிலாங்கூரில் கொட்டிய மழையில், வெள்ளம் எட்டாது என்று நம்பியிருந்த வீடுகளும் மூழ்கின. உங்கள் ஊர் ஆறு உலு சிலாங்கூர் மலைகளிலிருந்து வருகிறது. வாசலில் மழை விட்டாலும் மேலே பெய்த நீர் பிறகுதான் வந்து சேரும். கோலசிலாங்கூர் கழிமுகத்தில் கடலேற்றமும் சேர்ந்தால் வடியவும் நேரமாகும். 'பப்ளிக் இன்ஃபோபஞ்சிர்' தளத்தில் ஆற்று நீர்மட்டம் தெரியும். பிள்ளைகளைப் பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள்.

மைகாட், பிறப்புப் பத்திரங்களைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு ஒரே பையில் வையுங்கள். எனக்குப் பெரிய கவலை இன்சுலின்தான். மின்சாரம் போனால் ஐஸ்பெட்டி உதவாது. சிறிய குளிர்காப்புப் பெட்டி வாங்குங்கள். மருந்தைத் துணியில் சுற்றி வையுங்கள், ஐஸ் நேரடியாகப் படக்கூடாது. உறைந்த இன்சுலின் பயன்படாது. ஊசி, கிளினிக் புத்தகம், சீனி மிட்டாய் கூடவே இருக்கட்டும்.

நீர்மட்டம் ஏறுவது தெரிந்தால், மாமியாரை இருட்டுவதற்குள் கிளப்பிவிடுங்கள். தரை காய்ந்திருக்கும்போதே மெயின் சுவிட்சை அணைத்துவிடுங்கள். தண்ணீரில் நின்றுகொண்டு தொடவே வேண்டாம். மாட்டிக்கொண்டால் 999.

திரும்பி வந்து வீட்டைக் கழுவும்போது பூட்ஸ் அவசியம். எலிச் சிறுநீர்க் கிருமி காயம் வழியாக ஏறும். அடுத்த சில வாரங்களில் யாருக்காவது காய்ச்சல் கண்டால், வெள்ளத்தில் இறங்கியதை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லுங்கள்.