நூறு சதவீதமும் நூறு டிகிரியும்

"சிஸ்டம் ரொம்ப ஸ்லோவா இருக்குப்பா, கொஞ்சம் வந்து பாரேன்." டிப்ளமோ படிக்கிறோம் என்று தெரிந்தால் போதும், சொந்தக்காரர்கள் நம்மை விடமாட்டார்கள். மெக்கானிக்கல் படிக்கிறவனைக்கூடக் கூப்பிடுவார்கள். நாமும் போய் உட்கார்ந்து என்ன செய்கிறோம்? ரீஸ்டார்ட் பண்ணுகிறோம். டெம்ப் ஃபைல்களை அழிக்கிறோம். அதற்கும் அசையவில்லை என்றால் ஃபார்மட். அதற்கும் மேலே போனால், "ராம் போடணும் மாமா", கடைசியில் "புதுசா வாங்கிடுங்க". இந்த வரிசையில் 'அளந்து பார்த்தேன்' என்று ஒரு இடம் வருகிறதா, பாருங்கள். மல்டிமீட்டர் வைத்துப் பார்க்காமல் ஒரு ரெசிஸ்டரை மாற்றினால் லேபில் நம்மை என்ன சொல்வார்கள்?

கம்ப்யூட்டரில் மீட்டரை நாம் கொண்டுபோக வேண்டியதே இல்லை. உள்ளேயே இருக்கிறது. பிராசஸர் எவ்வளவு நேரம் வேலையில் இருக்கிறது, எவ்வளவு சூட்டில் இருக்கிறது என்று இரண்டு எண்கள். (நம்ம ஊரில் கேபினெட் முழுவதையும் சி.பி.யூ. என்றுதான் சொல்வோம். இங்கே பேசுவது உள்ளே ஹீட் சிங்குக்கு அடியில் இருக்கும் சில்லைப் பற்றி.) இந்த இரண்டில் ஒன்றை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம். இரண்டையும் சேர்த்துப் படிக்க வேண்டும். கூடவே மூன்றாவதாக ஒன்று, கிளாக் வேகம். அது ஏன் என்று பார்ப்போம்.

முதலில் சதவீதம். மைக்ரோபிராசஸர் லேபில் 8085 கிட்டில் புரோகிராம் அடித்தவர்களுக்குக் கடைசியில் அடிக்கும் 76 என்ற ஆப்கோடு மறந்திருக்காது. ஹால்ட். அடித்தவுடன் பிராசஸர் அப்படியே நிற்கும். நம் மேஜைக் கணினியின் பிராசஸரிலும் அதே வேலைக்கு ஒரு கட்டளை இருக்கிறது, ஆப்கோடு எஃப்4. செய்ய வேலை எதுவும் இல்லாதபோது ஆபரேட்டிங் சிஸ்டம் பிராசஸரை இந்த மாதிரி நிறுத்தி வைக்கிறது. அடுத்த இன்டரப்ட் வந்ததும் அது எழுந்துகொள்ளும். ஒரு விநாடியில் 0.7 விநாடி இப்படிச் சும்மா இருந்தால், மீதி 0.3 விநாடி வேலை. டாஸ்க் மேனேஜர் 30 சதவீதம் என்று காட்டும். அடிப்படை இவ்வளவுதான்.

இதில் ஒரு பழைய வேடிக்கை உண்டு. டாஸ் காலத்தில் சும்மா இருப்பது என்பதே கிடையாது. யாராவது கீ அழுத்தினார்களா, அழுத்தினார்களா என்று ஒரு லூப்பில் பிராசஸர் சுற்றிக்கொண்டே இருக்கும். விண்டோஸ் 95-ம் ஓய்வு நேரத்தில் பிராசஸரை ஹால்ட்டில் போடவில்லை. லினக்ஸும் விண்டோஸ் என்.டி.யும் போட்டன. அதனால் விண்டோஸ் 95 வைத்திருந்தவர்கள் 'ரெய்ன்', 'சிபியூஐடில்' என்று குட்டி புரோகிராம்களைப் போட்டுக்கொண்டார்கள். அவை செய்த வேலை ஒன்றே ஒன்று: ஓய்வு கிடைத்தால் ஹால்ட். அதிலேயே பிராசஸர் சூடு இறங்கியது. ஒரு பைட் ஆப்கோடுக்கு உள்ள மரியாதையைப் பாருங்கள்.

சரி, சதவீதம் எங்கே ஏமாற்றும்? அது நேரத்தின் கணக்கு, வேலையின் கணக்கு அல்ல. ஒரு புரோகிராம் ஒரே த்ரெட்டில் மாட்டிக்கொண்டு முழு வேகத்தில் சுற்றுகிறது என்று வைத்துக்கொள்வோம். நான்கு லாஜிக்கல் பிராசஸர் உள்ள மெஷினில் மொத்தக் கணக்கு 25 சதவீதம்தான் காட்டும். எட்டு என்றால் 12 அல்லது 13. "சதவீதம் கம்மியாத்தான் இருக்கு, ஆனா புரோகிராம் தொங்குது" என்று சொல்வதெல்லாம் பெரும்பாலும் இதுதான். டாஸ்க் மேனேஜரின் பர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் வரைபடத்தின் மேல் ரைட் கிளிக் செய்து லாஜிக்கல் பிராசஸர் வாரியாகப் பிரித்துப் போட்டால், ஒரு கட்டம் மட்டும் உச்சியில் ஒட்டிக்கொண்டிருப்பது தெரியலாம். சில சமயம் அந்த ஒரு த்ரெட்டை சிஸ்டம் கட்டம் மாற்றி மாற்றி ஓட்டும். அப்போது எந்தக் கட்டமும் உச்சிக்குப் போகாது. அதையும் நினைவில் வையுங்கள். லினக்ஸில் 'டாப்' கட்டளை வேறு மாதிரி. அங்கே ஒரு கோர் முழுவதும் 100, ஆகவே ஒரு புரோகிராம் 300 சதவீதம் என்று காட்டினால் பயப்பட வேண்டாம், மூன்று கோர்களை எடுத்துக்கொண்டிருக்கிறது, அவ்வளவே.

இன்னொன்று, ஹார்டு டிஸ்க்கில் இருந்து டேட்டா வரக் காத்திருக்கும் நேரம் பிராசஸருக்கு ஓய்வு நேரமாகவே கணக்காகும். பழைய டிஸ்க் உள்ள மெஷினில் பிராசஸர் 10 சதவீதத்தில் நிற்க, டிஸ்க் 100-ல் திணறிக்கொண்டிருக்கும். அங்கே பிராசஸரைக் குறை சொல்லிப் பயன் இல்லை.

இனி வெப்பம். சென்சார் சில்லுக்குள்ளேயே இருக்கிறது. இன்டெல் பிராசஸரில் அது நேரடியாக டிகிரியைச் சொல்வதில்லை. உச்ச வரம்புக்கு இன்னும் எத்தனை டிகிரி பாக்கி என்றுதான் சொல்லும். பல ஐ3, ஐ5, ஐ7 சில்லுகளில் அந்த வரம்பு 100 டிகிரி. 'பாக்கி 30' என்று சென்சார் சொன்னால் சாஃப்ட்வேர் 100-ல் கழித்து 70 என்று போடுகிறது. வரம்புக்குப் பக்கத்தில் அளவு நம்பகமாக இருக்கும், குளிர்ந்த நிலையில் சில டிகிரி முன்னே பின்னே போகும். ஆக, சும்மா இருக்கும்போது ஒரு கோர் 34, பக்கத்துக் கோர் 39 என்று இருந்தால் அதை வைத்துப் பஞ்சாயத்து பண்ண வேண்டாம்.

மதர்போர்டிலும் தனி சென்சார்கள் உண்டு. ஒன்றும் இணைக்காத முனை ஒன்று 127 டிகிரி என்று காட்டிப் பயமுறுத்தும். அது வெறும் வெற்று இன்புட். 2017-ல் ஏ.எம்.டி.யின் ரைசன் 7 1800எக்ஸ், 1700எக்ஸ் வந்தபோது காட்டிய வெப்பம் உண்மையைவிட 20 டிகிரி அதிகம். ஃபேன் கட்டுப்பாடு எல்லா மாடலுக்கும் ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்று கம்பெனியே வேண்டுமென்று கூட்டி வைத்த எண் அது. பின்னால் அவர்களே விளக்கம் சொன்னார்கள். எந்த எண்ணையும் 'எங்கிருந்து வருகிறது' என்று கேட்காமல் நம்பக் கூடாது என்பதற்கு இது ஒன்று போதும்.

வரம்பைத் தொட்டால் என்ன ஆகும்? 2001-ல் டாம்ஸ் ஹார்டுவேர் என்ற தளம் ஒரு சோதனை செய்து வீடியோ வெளியிட்டது. குவேக் 3 கேம் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஹீட் சிங்கைக் கழற்றினார்கள். ஏ.எம்.டி. ஆத்லான் புகைந்து செத்தது. பென்டியம் 3 அப்படியே உறைந்து நின்றது, ஆனால் பிழைத்தது. பென்டியம் 4 மட்டும் நிற்கவே இல்லை. கேம் ஆமை மாதிரி நகர்ந்தது, ஹீட் சிங்கைத் திரும்ப வைத்ததும் பழைய வேகம் வந்துவிட்டது. பென்டியம் 4 செய்ததைத்தான் இப்போது எல்லா பிராசஸரும் செய்கின்றன. சூடு வரம்பைத் தொட்டால் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், இதற்கு த்ராட்லிங் என்று பெயர். அதற்கும் அடங்காவிட்டால்தான் பட்டென்று பவரை நிறுத்தும்.

நல்ல பாதுகாப்புதான். ஆனால் இதில் ஒரு சிக்கலும் இருக்கிறது. அந்தக் காலத்தில் சில்லு எரிந்தால் பழுது கண்ணுக்குத் தெரியும். இப்போது எதுவும் எரிவதில்லை, 'ஸ்லோ' ஆகிறது. அப்போது டாஸ்க் மேனேஜர் 100 சதவீதம் காட்டும். நாம் உடனே "பிராசஸர் பத்தலை" என்று தீர்ப்பு எழுதிவிடுவோம். கணக்குப் போட்டுப் பாருங்கள்: 3.2 கிகாஹெர்ட்ஸில் 30 சதவீதம் என்பது, 0.8 கிகாஹெர்ட்ஸில் 100 சதவீதம் என்பதைவிட அதிக வேலை! கிளாக் வேகத்தையும் பார்க்கச் சொன்னது இதற்காகத்தான்.

சூட்டின் கணக்கு நாம் பவர் டிரான்சிஸ்டருக்குப் போட்ட அதே ஹீட் சிங்க் கணக்குதான். அறை வெப்பம், அதோடு வாட்டையும் ஹீட் சிங்கின் வெப்பத்தடையையும் பெருக்கிக் கூட்டினால் சில்லின் வெப்பம். 65 வாட் எடுக்கும் பிராசஸர், தடை வாட்டுக்கு 0.6 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். பெருக்கினால் 39. மே மாத மதியம் அறை 40 என்றால் சில்லு 79-ல் நிற்கும். கேபினெட்டுக்குள் காற்று இன்னும் சூடு, அதை விட்டுவிடுவோம். இப்போது ஹீட் சிங்கில் தூசி அடைத்துத் தடை 0.9 ஆனது என்றால், பெருக்கினால் 58.5. அதே அறையில் 98.5. வரம்பைத் தொட்டாகிவிட்டது. ஆனால் அதே தூசியோடு அதே மெஷினை ஏ.சி. போட்ட 24 டிகிரி அறையில் வைத்துப் பாருங்கள், 82.5. ஒரு குறையும் தெரியாது!

இது ஏட்டுக் கணக்கு இல்லை. இன்பிளான்ட் டிரெயினிங்கில் ஒரு ஃபிளெக்ஸ் டிசைன் செய்யும் கடைக்குப் போனோம். மதியம் ஆனால் சிஸ்டம் படுத்துவிடும் என்பது கடைக்கார அண்ணனின் புகார். காலையில் நன்றாக ஓடுமாம். இரண்டு முறை ஒரு சர்வீஸ் சென்டருக்குத் தூக்கிப்போயிருக்கிறார். அங்கே ஏ.சி. அறையில் ஒரு நாள் முழுக்க ஓட்டிப் பார்த்து "ஒண்ணும் இல்லை" என்று திருப்பித் தந்திருக்கிறார்கள். மூன்றாவது முறை, போர்டும் பிராசஸரும் மாற்றச் சொல்லிவிட்டார்கள். தகர ஷீட் கூரைக்குக் கீழே கடை. கல்யாண சீசன், பேனர் வேலை குவிந்து கிடக்கிறது. அந்த நேரத்தில் புது போர்டுக்குப் பணம் புரட்டுவது அவருக்கு விளையாட்டா?

நாங்கள் போனது பிற்பகல் இரண்டரை மணிக்கு. பிராசஸர் ஐ5 4570, அதன் அடிப்படை வேகம் 3.2 கிகாஹெர்ட்ஸ். டாஸ்க் மேனேஜரில் 100 சதவீதம், ஸ்பீடு என்ற இடத்தில் 1.2-க்கும் 1.6-க்கும் நடுவே ஊசலாட்டம், வெப்பம் 99. மூன்றையும் சேர்த்துப் பார்த்ததும் கேஸ் முடிந்தது. கேபினெட்டைத் திறந்தால் ஃபேனுக்கும் ஹீட் சிங்குக்கும் இடையில் தூசி கம்பளி மாதிரி படிந்திருக்கிறது. ஹீட் சிங்கின் நான்கு பின்களில் ஒன்று பாதி கழன்று கிடக்கிறது. புளோயர், பிரஷ், புது பேஸ்ட், பின்னைச் சரியாக அழுத்தியது, ஆக மொத்தம் ஒரு மணி நேரம். அதே ஃபைல், அதே அறை: 3.2-க்குக் கீழே இறங்கவில்லை, வெப்பம் 76.

எதில் பார்ப்பது என்று கேட்பீர்கள். விண்டோஸில் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர். சதவீதமும் வேகமும் அதில் உண்டு, பிராசஸர் வெப்பம் இல்லை. வெப்பத்துக்கு ஹெச்.டபிள்யூ.இன்ஃபோ அல்லது கோர் டெம்ப். எனக்குப் பிடித்தது முதலாவது. குறைந்தது, அதிகபட்சம், சராசரி மூன்றையும் பதிந்து வைக்கும். த்ராட்லிங் நடந்ததா என்று 'எஸ், நோ' போட்டே சொல்லிவிடும். லினக்ஸில் எல்.எம். சென்சார்ஸ் தொகுப்பைப் போட்டு 'சென்சார்ஸ்' என்று அடித்தால் போதும். அதுவும் இல்லாத இடத்தில் சிஸ் ஃபோல்டரில் கிளாஸ், அதற்குள் தெர்மல் என்று போனால் ஒவ்வொரு தெர்மல் ஜோனிலும் டெம்ப் என்று ஒரு ஃபைல் இருக்கும். 47000 என்று இருந்தால் 47 டிகிரி. பயாஸில் பார்த்த வெப்பத்தை 'சும்மா இருக்கும் நிலை' என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். பயாஸ் திரையில் பிராசஸர் பெரும்பாலும் ஓய்வெடுப்பதில்லை, டாஸ் மாதிரிதான்.

லோடு கொடுக்கப் பலரும் பிரைம்95 போடுவார்கள். 1996-ல் தொடங்கிய மெர்சென் பகா எண் தேடலுக்காக எழுதிய புரோகிராம் அது. சில்லைச் சூடாக்குவதில் பேர் வாங்கிவிட்டது. ஒரே 100 சதவீதம்தான், ஆனால் அதன் கட்டளைகள் வேறு. சாதாரண வேலையைவிடப் பல டிகிரி கூடுதலாக ஏறும். கஸ்டமர் மெஷினில் அவர் தினமும் செய்யும் வேலையையே ஓட்டிப் பார்ப்பது மேல். ஒன்றுமே திறக்காமல் ஃபேன் இரைகிறது, டாஸ்க் மேனேஜரைத் திறந்ததும் அடங்குகிறது என்றால் வேறு சந்தேகம் வர வேண்டும். திருட்டுத்தனமாக காயின் மைனிங் செய்யும் சில வைரஸ்கள் டாஸ்க் மேனேஜரைக் கண்டால் ஒளிந்துகொள்ளும். ஹெச்.டபிள்யூ.இன்ஃபோவைப் பின்னால் ஓடவிட்டு, பதிவான வெப்பத்தைப் பிறகு பாருங்கள்.

சுத்தம் செய்யும்போது புளோயர் காற்றில் ஃபேனைச் சுழல விடாதீர்கள், இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், பேரிங் போய்விடும். பழைய பேஸ்ட்டை ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் துடைத்து எடுத்துவிட்டுத்தான் புதுசு. பட்டாணி அளவு போதும், தோசைக்கு எண்ணெய் மாதிரி ஊற்ற வேண்டாம். மூடும் முன் ஒரு சீட்டில் தேதி போட்டு எழுதுங்கள்: அறை 38, சும்மா 49, லோடில் 76, வேகம் 3.2. அதை கேபினெட் கதவின் உள்பக்கம் செலோ டேப்பால் ஒட்டிவிடுங்கள். அடுத்த முறை அந்தக் கதவைத் திறப்பவர் நம் ஜூனியராகக்கூட இருக்கலாம்.