குலக்குறியும் சாதியும்

நெசவாலையிலிருந்து வெளிச்செல்லும் துணிப்பொதியின்மீது யானை, புலி, மயில் முதலிய படங்களுள் ஒன்றை ஒட்டி அனுப்புதல் நெடுங்காலம் வழக்கமாயிருந்தது. எழுத்தறியாதவரும் அப்படத்தைக் கண்டு, இஃது இன்ன ஆலையின் சரக்கு என்று தெரிந்துகொள்வர். யானைப்படமிட்ட துணியை வாங்கியவர் அதன்பொருட்டு யானையை வணங்கினாரில்லை. அடையாளம் வேறு, தெய்வம் வேறு. இவ்வெளிய உண்மையை மனத்திற்கொண்டு குலக்குறி என்பது யாது என ஆராய்வோம்.

மக்கட்கூட்டமொன்று ஒரு விலங்கையோ பறவையையோ மரத்தையோ தன் குலத்திற்கு அடையாளமாகக் கொள்ளுமாயின், அதற்குக் குலக்குறி என்று பெயர். ஆங்கிலத்தார் 'டோட்டம்' என வழங்கும் சொல், வட அமெரிக்காவின் பேரேரிகளைச் சூழ்ந்து வாழும் ஒஜிப்வே மக்களின் மொழியிலிருந்து பெறப்பட்டது. அவர்களுள் கொக்குக் குலம், கரடிக் குலம், கெளுத்திமீன் குலம் முதலியன உண்டு. ஒரே குறியுடையார் தம்மை உடன்பிறந்தாராகக் கருதித் தமக்குள் மணவுறவு கொள்ளாமை அவர்தம் பழைய விதி. ஜான் லாங் என்னும் வணிகர் 1791-ஆம் ஆண்டில் இச்சொல்லைத் தம் ஆங்கில நூலில் எழுதியபோது, ஒருவனைக் காத்துநிற்கும் ஆவி என்று அதற்குப் பொருள் கொண்டார். உறவின் அடையாளத்தைத் தெய்வமெனக் கொண்ட அப்பிழை இன்றும் பலரிடம் நீங்கவில்லை.

இனி நம் நாட்டுச் சான்றைக் காண்போம். சோட்டா நாகபுரிப் பீடபூமியில் வாழும் உராவோன் மக்களுள் எக்கா என்னும் குலத்தார்க்கு ஆமையும், மிஞ்சு குலத்தார்க்கு விலாங்குமீனும், கேஸ் குலத்தார்க்கு நெல்லும், பன்னா குலத்தார்க்கு இரும்பும் குறிகளாம். தத்தம் குறிக்கு ஊறு செய்தலும் அதனை உண்ணுதலும் விலக்கப்பட்டன. அங்ஙனமாயின், நெல்லைக் குறியாகக் கொண்டவர் சோறின்றி எவ்வாறு உயிர்வாழ்வர்? அரிசி கொதிக்குங்கால் மேலே படியும் மெல்லிய ஆடையை மட்டும் உண்ணாது விடுவர் என்றும், இரும்புக் குலத்தார் இரும்பை உதட்டாலும் நாவாலும் தீண்டார் என்றும் ஆராய்ந்தோர் எழுதியுள்ளனர். வயிற்றையும் வாட்டாமல் உறவின் நினைவையும் கைவிடாமல் அவர்கள் கண்ட வழி இது. உராவோன் மக்களுட் பலர் கிறிஸ்தவ சமயத்தைத் தழுவிய பின்னரும் எக்கா, மிஞ்சு என்னும் பெயர்களைத் தம் பெயரோடு சேர்த்து வழங்குகின்றனர். வழிபாடு மாறியும் இப்பெயர்கள் மாறாமையே, இவை வழிபாட்டுக்கு உரியனவாக மட்டும் இருந்தில என்பதைக் காட்டும்.

ஈண்டு நாம் ஊன்றி நோக்கவேண்டியது ஒன்றுண்டு. 'உன் குலத்திற்குள் மணவாதே, வெளியே சென்று உறவு தேடு' என்பது குலக்குறியின் விதி. 'உன் சாதிக்கு வெளியே மணவாதே, உள்ளேயே அடங்கியிரு' என்பது சாதியின் விதி. முன்னது கூட்டங்களைப் பிணைக்கின்றது; பின்னது பிரிக்கின்றது. அண்ணல் அம்பேத்கர் 1916-ஆம் ஆண்டில் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் படித்த கட்டுரையில் இதனை விளக்கினார். புறமணமே முன்பு இந்நாட்டு மக்களின் பொதுவிதி. அதன்மேல் அகமணம் சுமத்தப்பட்டபோது சாதி பிறந்தது என்பது அவர் துணிபு.

பின்னர் 1948-இல் வெளிவந்த 'தீண்டப்படாதார்' என்னும் நூலில் மராட்டியர்தம் குலப்பெயர்களையும் மகார் மக்களின் குலப்பெயர்களையும் அவர் ஒப்பிட்டார். ஒருவரிடம் காணப்படும் குலங்கள் மற்றவரிடமும் காணப்படுகின்றன; ஆதலின் தீண்டத்தக்கார், தீண்டப்படாதார் என்னும் வேற்றுமை இனவேற்றுமையால் வந்ததன்று என வாதித்தார். பெயரொற்றுமை ஒன்றே குருதியொற்றுமையை முடிவாக நிறுவிவிடும் என்று நாம் கூறவேண்டுவதில்லை; ஒரு கூட்டத்தின் பெயரை மற்றொன்று மேற்கொள்ளுதலும் உண்டு. ஆயினும், பிறப்பிலேயே வேறானவர் என்று ஒரு சாராரை ஊருக்கு வெளியே நிறுத்தியவர்கள் அதற்கு என்ன சான்று காட்டினர்? ஊரிலும் சேரியிலும் ஒரே குலப்பெயர் வழங்கக் கண்டும் அவர்கள் வாளாவிருந்தனரன்றோ!

ஆகவே அடையாளங்களை நாம் எவ்வாறு கொள்ளல் வேண்டும்? முன்னோர் கொண்ட குறியை வணங்கவும் வேண்டா, அதற்காக நாணவும் வேண்டா. அது யாரை உறவென்று காட்டிற்று, எந்தக் கடமையை நினைவூட்டிற்று என்று அறிந்தால் போதும். நாம் இன்று போற்றும் சின்னங்களுக்கும் இதுவே அளவுகோல். சாஞ்சியிலும் பார்குத்திலும் பழஞ்சிற்பிகள் பகவன் புத்தரை மனித வடிவில் செதுக்காது, அறவாழியாகவும் போதிமரமாகவும் திருவடித் தடமாகவும் காட்டினர். அச்சின்னங்களைக் காண்போரின் உள்ளம் அவர் நடந்த நெறியை நோக்கிச் செல்லவேண்டும்.

அன்பர்களே! வீட்டு வாயிலில் அறவாழியைப் பொறித்திருக்கின்றோம். அவ்வீட்டினுள் அமர்ந்து மகளுக்கு மணம் பேசும்பொழுது, 'பிள்ளைவீட்டார் எந்த உட்பிரிவு?' என்று நம்முள் சிலர் தாழ்ந்த குரலில் வினவுதலை நான் பலகாலும் கேட்டிருக்கின்றேன். பொதியின்மேல் ஒட்டிய முத்திரை ஒன்றாகவும் உள்ளே வைத்த சரக்கு வேறாகவும் இருப்பின், வாங்குவோன் அதனை என்னவென்று சொல்வான்? நாம் துறந்ததாகக் கூறும் சாதி அவ்வொரு வினாவில்தான் ஒளிந்து வாழ்கின்றது. அவ்வினாவை விடுவோமாயின், வாயிலில் உள்ள அறவாழி நமக்கு உரியதாகும்.