காணாமற்போன திருமலை

ஏழு பாலங்கள் கொண்ட கோனிக்ஸ்பர்க் நகரைப் பற்றி ஆய்லர் என்னும் கணித மேதை 1736-இல் ஆராய்ந்தார். நிலப்பகுதியைப் புள்ளியாகவும் பாலத்தைக் கோடாகவும் கொள்ளும் கணக்குமுறை அதிலிருந்தே வளர்ந்தது. இன்று அக்கணக்குகளைக் கணிப்பொறியில் செய்யப் பைதான் மொழியில் 'நெட்வொர்க்எக்ஸ்' என்னும் நிரல் தொகுதி உண்டு. 2005-இல் முதன்முதலாக வெளிவந்த இத்தொகுதியைக் கட்டணமின்றிப் பெறலாம். இதில் அமைத்த வலைப்பின்னலைக் கோப்பாக எழுதும்போது நேரும் பிழைகளையும் அவற்றின் பரிகாரங்களையும் இங்குக் காண்போம்.

திருச்சானூரில் தங்கிப் படிக்கும் நான், நம் வட்டார இரயில் பாதையையே உதாரணமாகக் கொண்டேன். திருப்பதி, திருச்சானூர், ரேணிகுண்டா, கூடூர், அரக்கோணம், காட்பாடி, சித்தூர், பாகாலா ஆகிய எட்டும் புள்ளிகள். ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக, இரயில் ஏறாத திருமலையையும் ஒன்பதாவதாகச் சேர்த்தேன். திருப்பதியில் தொடங்கி ரேணிகுண்டா, அரக்கோணம், காட்பாடி, சித்தூர், பாகாலா வழியாகச் சுற்றி வரும் பாதையும், ரேணிகுண்டாவிலிருந்து கூடூருக்குச் செல்லும் கிளையும் சேர்ந்து 8 இணைப்புகள். பெயர்களைத் தமிழிலேயே எழுதினேன்.

முதலில் 'எட்ஜ்லிஸ்ட்' முறையில் எழுதினேன். பிழைச் செய்தி எதுவும் வரவில்லை. ஆனால் திரும்பப் படித்தபோது 8 ஊர்களே இருந்தன, திருமலை மறைந்துவிட்டது! காரணம் எளிது. அம்முறை இணைப்புகளை மட்டுமே வரிவரியாக எழுதும். இணைப்பில்லாத புள்ளிக்கு அதில் வரியே இல்லை. இதனால் ஓர் ஊருக்குரிய சராசரி இணைப்பு 16/9, அதாவது ஏறத்தாழ 1.78 என்பது, 16/8 = 2 ஆகிவிட்டது. இதை அறியாமல் வகுப்பில் விடையைப் படித்துக் காட்டித் தலைகுனிந்தேன்.

இரண்டாவது தொல்லை இடைவெளி. எட்ஜ்லிஸ்ட் சொற்களை இடைவெளியால் பிரிக்கும். 'ரேணிகுண்டா சந்திப்பு' என்று பெயரிட்டால் அது இரண்டாக உடையும். சில சமயம் பிழைச் செய்தி வரும்; இணைப்பின் கூடுதல் விவரங்களை ஒதுக்கிப் படித்தாலோ, 'சந்திப்பு' என்றோர் ஊரே புதிதாகப் பிறந்துவிடும்! எழுதும்போதும் படிக்கும்போதும் 'டேப்' குறியைப் பிரிப்பானாகக் கொடுப்பதே பரிகாரம். எண்களைப் பெயராக இட்டவர்கள், படிக்கும்போது எண் வகை என்று குறிப்பிட வேண்டும். இன்றேல் 1 என்னும் எண் '1' என்னும் எழுத்தாகவே திரும்பி வரும்.

அடுத்து 'கிராஃப்எம்எல்' முறைக்குச் சென்றேன். இதில் தனிப்புள்ளியும் தங்கும். தமிழ் எழுத்தும் தமிழாகவே நிற்கும். ஆயினும் எழுத மறுத்துவிட்டது. ஒவ்வோர் ஊருக்கும் நிலையக் குறியெழுத்தைச் சேர்த்திருந்தேன். நிலையமில்லாத திருமலைக்கு மட்டும் 'நன்' என்னும் வெறுமை மதிப்பை இட்டிருந்தேன். வெறுமை, பட்டியல் ஆகிய மதிப்புகளை இம்முறை ஏற்காது. வெறுமையை நீக்கிவிடுக, பட்டியலை ஒரே சொற்றொடராக்குக. இவ்வாறு தடைப்பட்ட பின் வெறுமையான அல்லது குறைபட்ட கோப்பொன்று எஞ்சியிருக்கக்கூடும், அதை நம்பலாகாது.

'ஜிஎம்எல்' முறையோ தமிழ் எழுத்துக்களை எண் குறிகளாக்கும்; 'த' என்பது 2980 ஆகும். நெட்வொர்க்எக்ஸிலேயே படித்தால் மீண்டும் தமிழாகும். வேறு நிரலில் எண்களே தோன்றினால் கோப்பு கெட்டதென்று அஞ்ச வேண்டா.

பழைய பாடங்களைப் பின்பற்றுவோர்க்கு ஒரு குறிப்பு: 'ஜிபிக்கிள்' எழுதும் கட்டளை 2023-இல் வந்த 3.0 பதிப்பில் நீக்கப்பட்டது. பைதானின் 'பிக்கிள்' தொகுதியை நேரே பயன்படுத்துக.

மறுத்து நின்ற கிராஃப்எம்எல்லை அன்று வைதேன். இப்போது எண்ணிப் பார்க்கிறேன்: குறையை வாய்விட்டுச் சொன்னது அதுவே, மௌனமாக ஓர் ஊரை விழுங்கியது எட்ஜ்லிஸ்ட். நாளை நம்மில் ஒருவர் சிற்றூர்களின் சாலை வசதியை ஆராயலாம். அப்போது பட்டியலிலிருந்து முதலில் மறைவது, சாலையே இல்லாத ஊர்தான். யாருக்காக ஆராய்ச்சியோ அவரே விடுபட்டுப் போவார்.

எனவே, எழுதிய கோப்பை உடனே திரும்பப் படியுங்கள். புள்ளிகள், இணைப்புகள், மதிப்புகள் ஆகிய மூன்றையும் மூலத்தோடு ஒப்பிடுங்கள். இதற்கு நான்கு வரி நிரல் போதும். அந்த நான்கு வரியை அன்று நான் எழுதியிருந்தால், வகுப்பில் தலைகுனிந்திருக்க மாட்டேன்.