வாசிக்கத் திணறும் பிள்ளைக்கு: வீட்டுக்கும் வகுப்புக்கும் சில குறிப்புகள்

டிஸ்லெக்ஸியா என்பது கண் கோளாறு அல்ல. அறிவுக் குறைவும் சோம்பலும் அல்ல. காதில் விழும் ஒலியையும் தாளில் உள்ள எழுத்தையும் இணைப்பதில் வரும் பிறவித் தடுமாற்றம். குடும்பவழியாகவும் வரும். இந்தப் பிள்ளைகளுக்கு வேண்டியது கூடுதல் அடியோ கூடுதல் ட்யூஷனோ அல்ல, வேறு மாதிரியான பயிற்சி. அதிலும் தமிழ் எழுத்துக்கென்றே சில சிக்கல்கள் உண்டு. அவற்றை மனதில் வைத்து எழுதியவை இவை.

1. முதலில் கண்ணையும் காதையும் பரிசோதித்துவிடுங்கள். இரண்டும் நன்றாக இருந்தும், கேட்ட கதையைக் கோவையாகத் திருப்பிச் சொல்லும் பிள்ளை, படிக்கச் சொன்னால் முதல் எழுத்தை மட்டும் பார்த்து மீதியை ஊகிக்கிறதா? மேல் வரியில் படித்த சொல்லே கீழ் வரியில் வரும்போது புதிதாகத் திணறுகிறதா? கரும்பலகையைப் பார்த்து எழுத மற்றவர்களைவிட மிகுந்த நேரம் பிடிக்கிறதா? கிழமைகளின் வரிசை குழம்புகிறதா? இவற்றில் பல சேர்ந்து மாதக்கணக்கில் நீடித்தால் நிபுணரிடம் காட்டுங்கள். ஆறேழு வயது வரை எழுத்தைத் திருப்பிப் போடுவது எல்லாப் பிள்ளைகளிடமும் உண்டு. அதை மட்டும் வைத்து முடிவுகட்ட வேண்டாம்.

2. எழுத்துக்கு முன்னால் ஒலி. இதற்குப் புத்தகமே வேண்டாம். காய் நறுக்கும்போதோ பஸ்ஸில் போகும்போதோ கேளுங்கள்: “மரத்துல ‘ம’வை எடுத்துட்டா என்ன மிச்சம்?” “பல்லுல ‘ப’வுக்குப் பதிலா ‘க’ போட்டா?” சொல்லைக் கேட்டு, எழுத்துக்கு ஒரு புளியங்கொட்டை வைக்கச் சொல்லுங்கள். ‘படம்’ என்றால் மூன்று, ‘பட்டம்’ என்றால் நான்கு. அந்த நான்காவது கொட்டை எங்கே வந்தது என்று பிள்ளையே கண்டுபிடித்துவிட்டால், ஒற்றெழுத்தை விட்டுவிட்டு எழுதும் பழக்கம் மெல்லக் குறையும்.

3. ஒரு தட்டில் ரவையைப் பரப்பி, எழுத்தை விரலால் எழுதச் சொல்லுங்கள். எழுதும்போதே ஒலியை வாய்விட்டுச் சொல்ல வேண்டும், அதுதான் முக்கியம். ஒலி இல்லாமல் விரல் மட்டும் ஓடினால் பயன் குறைவு. உப்புத்தாளை எழுத்து வடிவில் வெட்டி அட்டையில் ஒட்டியும் தடவச் செய்யலாம். கண், காது, வாய், கை எல்லாவற்றையும் ஒருசேரப் பயன்படுத்தும் இந்த முறையை 1930-களில் அமெரிக்காவில் நரம்பியல் மருத்துவர் சாமுவேல் ஆர்ட்டனும் ஆசிரியை அன்னா கில்லிங்கமும் வகுத்தார்கள்.

4. குழப்பும் எழுத்துகளை ஒரே நாளில் சேர்த்துச் சொல்லிக்கொடுக்காதீர்கள். மூன்று சுழி ‘ண’ நன்றாகப் பதிந்த பிறகே இரண்டு சுழி ‘ன’. அடுத்து, கூட வரும் எழுத்தைக் காட்டுங்கள். நண்டு, வண்டு: ‘ண்’ணுக்குப் பக்கத்தில் ‘ட’. பந்து, சந்தை: ‘ந்’துக்குப் பக்கத்தில் ‘த’. கன்று, தென்றல்: ‘ன்’னுக்குப் பக்கத்தில் ‘ற’. மனப்பாடம் செய்யத் தடுமாறும் பிள்ளைக்கு இப்படி ஒரு விதி கிடைப்பது பெரிய ஆறுதல். துணைக்காலும் ‘ர’வும் ஒன்றுபோலத் தெரியும், நீங்கள் எழுதிக் காட்டும்போது ‘ர’வின் வாலைச் சற்று நீட்டியே எழுதுங்கள்.

5. கொம்பு வைத்த எழுத்துகளுக்குத் தனியாக நாள் ஒதுக்குங்கள். ‘கெ’ என்று சொல்லும்போது முதலில் வருவது க் என்னும் ஒலி. எழுதும்போதோ கொம்பு முந்திக்கொள்கிறது. ‘கொ’வில் கொம்பு ஒரு பக்கம், கால் மறுபக்கம். ஒலி ஒரு வரிசையிலும் கை இன்னொரு வரிசையிலும் போவதால்தான் பிள்ளை தடுமாறுகிறது. இதற்குச் சிறு அட்டைகள் போதும். க, ச, த என்று சில உயிர்மெய் எழுத்து அட்டைகள் ஒரு நிறத்தில். ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு, இணைக்கொம்பு, துணைக்கால் வேறு நிறத்தில். முதலில் ‘க’வை நடுவில் வைக்கட்டும். பிறகு கொம்பை இடப்பக்கம் நகர்த்தி வைத்து, ‘கெ’ என்று சொல்லட்டும். கை பழகிய பிறகு நோட்டுக்குப் போகலாம்.

6. உகர வரிசையை மேலிருந்து கீழாக ஒப்பிக்க வைப்பதைவிட, வடிவம் பார்த்து மூன்று கூட்டமாகப் பிரித்துக் கொடுங்கள். சு, பு, யு, வு ஒரு கூட்டம். து, நு, ணு, னு, லு, று இன்னொன்று. கு, டு, மு, ரு, ழு, ளு மூன்றாவது. ஒரு கூட்டம் கைவந்த பிறகு அடுத்தது.

7. ‘கல்’, ‘பக்கம்’ இரண்டிலும் அழுத்தமாக ஒலிக்கும் ககரம், ‘தங்கம்’, ‘பகல்’ இரண்டிலும் மெலிகிறது. நமக்குத் தானாக வருவது இந்தப் பிள்ளைக்கு வராது. சொல்லின் முதலில், இரட்டிக்கும் இடத்தில், நடுவில் என்று இடம் பிரித்து, வாய்விட்டுச் சொல்லிக் காட்டுங்கள்.

8. பாடத்தில் ‘வந்துவிட்டான்’ என்று இருப்பதைப் பிள்ளை ‘வந்துட்டான்’ என்று படித்தால் திட்டாதீர்கள். பொருள் புரிந்துதான் படித்திருக்கிறது. முதலில் பேச்சுத் தமிழில் கதையைச் சொல்லிவிட்டு, பிறகு புத்தக வரியைக் காட்டுங்கள்.

9. வரி தவறினால், ஒரு வரி மட்டும் தெரியும்படி அட்டையில் நீளமான துளை வெட்டிக் கொடுங்கள். எழுத்து பெரிதாகவும் வரிகளுக்கிடையே இடம் விட்டும் இருந்தால் வாசிப்பது எளிது. நிறக் கண்ணாடி, ஞாபக சக்தி மாத்திரை போன்றவற்றுக்குப் பணம் கட்டாதீர்கள். அவை டிஸ்லெக்ஸியாவைத் தீர்க்கும் என்பதற்கு நம்பகமான சான்று இல்லை.

10. தப்பாக எழுதிய சொல்லை ஐம்பது முறை எழுத வைப்பதை இன்றோடு நிறுத்துங்கள். தவறும் சேர்ந்தே பதியும், கையும் வலிக்கும். முன்னறிவிப்பின்றி எழுப்பி, வகுப்பு முன்னால் சத்தமாகப் படிக்கச் சொல்வது அதைவிடக் கொடுமை. படிக்க வேண்டிய பத்தியை முதல் நாளே கொடுத்தனுப்புங்கள். வரலாறும் அறிவியலும் தெரிகிறதா என்று அறிய வாய்மொழியாகக் கேட்டாலே போதும். எழுத்துப்பிழைக்கு அங்கே மதிப்பெண் குறைக்காதீர்கள்.

11. ஆசிரியர்களுக்கு: ஒரு நாள் கருத்தரங்கில் உட்கார்ந்து வந்தால் விழிப்புணர்வு கிடைக்கும், கைத்திறன் கிடைக்காது. பயிற்சி பெற்றவர் ஒரு பிள்ளையோடு வேலை செய்வதை அருகிலிருந்து பாருங்கள். பிறகு நீங்கள் செய்வதை அவர் பார்த்துத் திருத்த வேண்டும். சென்னையில் மெட்ராஸ் டிஸ்லெக்ஸியா அசோசியேஷன் நெடுங்காலமாக ஆசிரியர்களுக்குப் பயிற்சி தருகிறது. சிறப்புக் கல்வியில் பி.எட். சேர்பவர்கள், அந்தப் படிப்புக்கு இந்திய மறுவாழ்வு மன்றத்தின் அங்கீகாரம் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அரசுப் பள்ளியில் இருப்பவர்கள் வட்டார வள மையத்தின் சிறப்பாசிரியரைத் தேடிப் போய்ப் பேசலாம். ட்யூஷன் எடுக்கும் அக்காவும் இந்தப் பயிற்சிக்கு உரியவர்தான். மாலை முழுக்கப் பிள்ளை அவரிடம்தானே இருக்கிறது!

12. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 பட்டியலிட்ட 21 வகைகளில் டிஸ்லெக்ஸியாவை உள்ளடக்கிய கற்றல் குறைபாடும் ஒன்று. பொதுத்தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர், ஒரு மொழிப்பாட விலக்கு போன்ற சலுகைகள் உண்டு. அவற்றுக்கு மருத்துவச் சான்று வேண்டும். தலைமையாசிரியர் வழியாக விண்ணப்பிக்க வேண்டும். தேர்வு நெருங்கும்போது ஓடாமல், ஒன்பதாம் வகுப்பிலேயே விசாரித்துவிடுங்கள். மதிப்பீட்டு அறிக்கை, பழைய விடைத்தாள்கள், பிள்ளையின் நோட்டுகள் இரண்டு மூன்று ஆகியவற்றை ஒரே கோப்பில் வைத்துக்கொள்ளுங்கள். எந்த ஆவணத்தையும் அசலாகக் கொடுத்துவிடாமல் நகல் எடுத்துக் கொடுங்கள்.